காட்டுக் கரடியின் இதயத் துடிப்பும் நமது காடுகளும்

பாலைப்பழக் காலம் தொடங்கிவிட்டால் அக்கரைப்பற்றுக்கும் பொத்துவிலுக்கும் இடைப்பட்ட வீதியோரங்களில் அப்பழம் விற்பனைக்கு வந்துவிடும். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எனக் கரையோர ஊர்களின் சந்தைகளுக்கும் அது வந்து சேர்வதுண்டு. வாங்கிச் சுவைப்போருள் அது எங்கிருந்து, எவ்வாறு பறித்து வரப்பட்டது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. காட்டினுள் பாலை மரம் பழுக்கின்ற அதே நாட்களில்தான் கரடியும் அம்மரத்தைத் தேடி வருகின்றது. மனிதனும் கரடியும் எதிர்பாராத விதமாக நேருக்கு நேர் சந்திக்கும் சில விநாடிகள் உலர் வலயத்தில் பலரது முகத்தையும் கண்பார்வையையும், சில வேளைகளில் உயிரையும் பறித்துள்ளன.

அந்தச் சில விநாடிகளில் கரடியின் உள்ளே என்ன நிகழ்கின்றது? வெளியிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு இது புலப்படுவதில்லை. எனினும் கடந்த ஒன்றரைத் தசாப்தத்துக்கும் மேலாக, காட்டில் சுதந்திரமாகத் திரியும் கரடிகளின் தோலின் கீழ் சிறு கருவியொன்றைப் பொருத்தி, அவற்றின் இதயத் துடிப்பையும் நடமாட்டத்தையும் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் பதிவு செய்யும் ஆய்வுகள் மேலைநாடுகளில் நடைபெற்று வருகின்றன. அவற்றின் முடிவுகளையும், அம்பாறை மாவட்டத்துக் காடுகளுக்கு அவை எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதையும் இங்கு நோக்குவோம்.

எமது பேச்சில் கரடிக்குக் குறைவான இடமில்லை. வேண்டாத வேளையில் வந்து சேர்பவரைச் "சிவபூசையில் கரடி" என்கிறோம். நம்ப முடியாத கதை சொல்பவர் "கரடி விடுகிறார்" என்கிறோம். முதலாவது வழக்கில் வரும் கரடி விலங்கன்று, கரடிகை என்னும் பறை வகை என்று சொல்வோரும் உளர். அது எவ்வாறாயினும், இவ்வழக்குகளைப் பயன்படுத்தும் நம்மில் மிகப் பெரும்பாலோர் காட்டில் ஒரு கரடியைக் கண்டதில்லை. யானை வட்டைக்குள் வருகின்றது. அதை ஊரே காண்கின்றது. கரடியோ விறகு வெட்டுவோர், தேன் எடுப்போர், மாட்டுப்பட்டி வைத்திருப்போர், சேனை செய்வோர் ஆகியோருக்கு மட்டுமே தெரிந்த விலங்காக இருந்து வருகின்றது. யானை பற்றி நாளேடுகளில் எழுதப்படுவதில் பத்தில் ஒரு பங்குகூடக் கரடியைப் பற்றி எழுதப்படாமைக்கு இதுவே காரணம் எனலாம்.

இலங்கையில் வாழ்வது ஒரேயொரு கரடியினமாகும். இந்தியா, நேபாளம் ஆகிய நாடுகளில் வாழும் கறையான் தின்னும் கரடியின் கிளையினமே இது. மேல்தாடையின் நடுவில் இரு முன்பற்கள் இல்லை. அந்த இடைவெளி வழியாகக் கறையானைப் புற்றிலிருந்து உறிஞ்சி எடுக்கின்றது. வளைந்த நீண்ட நகங்கள் புற்றை உடைப்பதற்கும் மரம் ஏறுவதற்கும் உதவுகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய உயிரியலாளர்கள் இதன் நகங்களையும் பல்லையும் பார்த்து இதனைத் தென்னமெரிக்காவின் அசமந்த விலங்காகிய 'சுலோத்' இனத்துடன் சேர்த்துவிட்டனர். ஆங்கிலத்தில் அப்பெயர் இன்றளவும் ஒட்டிக்கொண்டுள்ளது. அசமந்தம் என்ற குணம் இக்கரடிக்குச் சற்றும் பொருந்தாது என்பதை அதனிடம் அகப்பட்டவர்கள் அறிவர்.

உலர் வலயத்தின் தாழ்நிலக் காடுகளிலேயே இது வாழ்கின்றது. வில்பத்து, வஸ்கமுவ, யால ஆகியவற்றுடன் எமது பக்கத்தில் குமண, லாகுகல, கல்லோயாப் பகுதிகளும் இதன் வாழிடங்களாகும். பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய காலஞ்சென்ற சார்ள்ஸ் சந்தியாபிள்ளை, கலாநிதி எஸ். விஜயமோகன், கலாநிதி சியாமளா ரத்னாயக்க ஆகியோர் 2007இல் வெளியிட்ட நிலவர அறிக்கை, இலங்கையின் நிலப்பரப்பில் 17 சதவீதத்துக்கும் குறைவான பகுதியிலேயே கரடி எஞ்சியுள்ளதாகக் கூறியது. நாடு முழுவதிலுமாக 500 முதல் 1000 வரையான கரடிகளே இருக்கலாம் என்பது பொதுவாக எடுத்துக் கூறப்படும் மதிப்பீடாகும். கல்முனையின் ஒரு நடுத்தரப் பாடசாலையில் கற்கும் மாணவர் தொகையைவிட இது அதிகமன்று.

எண்ணிக்கையில் இவ்வளவு குறைந்த ஒரு விலங்கு மனிதரை ஏன் தாக்குகின்றது? இறைச்சிக்காக அன்று. பழமும் தேனும் கறையானுமே அதன் உணவு. கறையான் புற்றை உடைத்து மூச்சை ஊதியும் இழுத்தும் உண்ணும்போது அது எழுப்பும் ஓசை நூறு மீற்றருக்கு அப்பாலும் கேட்கும். அந்த இரைச்சலில் மனிதன் நெருங்கி வரும் ஓசை அதன் காதில் விழுவதில்லை. பகலில் பற்றைக்குள்ளோ பாறை இடுக்கிலோ உறங்கும் கரடியும் அவ்வாறே. சட்டென்று சில அடி தூரத்தில் மனிதனைக் காணும்போது ஓடுவதற்குப் பதிலாகப் பாய்ந்து தாக்கிவிட்டுப் பின்னர் ஓடுவதே இவ்வினத்தின் சுபாவம். புலியும் சிறுத்தையும் வாழும் காடுகளில், விரைவாக ஓடித் தப்பவோ குட்டிகளை மரத்தில் ஏற்றிக் காக்கவோ இயலாத விலங்கு வேறு வழியின்றிக் கைக்கொண்ட தற்காப்பு முறை இது என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். சிறுத்தையும் மரமேறும் அல்லவா? குட்டிகளைத் தாய்க்கரடி முதுகில் சுமந்து திரிவதும் இதனாலேயே.

ஆக, தாக்குதலின் வேர் அச்சம். அச்சத்தை அளப்பது எவ்வாறு? இங்கேதான் இதயத் துடிப்பு துணைக்கு வருகின்றது.

இதய நோயாளர் எவரையேனும் வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றவர்களுக்கு இம்முறையின் அடிப்படை எளிதில் விளங்கும். ஈ.சி.ஜி. எடுக்கும்போது சில விநாடிகளின் துடிப்பே பதிவாகின்றது. அந்நேரத்தில் இதயம் ஒழுங்காகத் துடித்தால் நோய் தெரியாது போய்விடும். ஆதலால் ஒரு நாள் முழுவதும் உடலில் அணிந்திருக்கும் பதிவுக் கருவி வந்தது. அதற்கும் அகப்படாத மயக்கங்களுக்கும் தாளப் பிறழ்வுகளுக்கும் தோலின் கீழ் வைக்கப்படும் சிறு இதயமானி உருவாக்கப்பட்டது. பிந்திய வகைகள் சிறு மின்கலமொன்றின் மூன்றிலொரு பங்கு அளவே உள்ளவை; மூன்று ஆண்டுகள் வரை உழைக்கக் கூடியவை. பகல் துடிப்பு, இரவுத் துடிப்பு, துடிப்புகளுக்கிடையே ஏற்படும் வேறுபாடு, நாளொன்றில் உடல் அசைந்திருந்த நேரம் ஆகிய யாவற்றையும் இவை குறித்துக் கொள்கின்றன.

மனிதருக்கென ஆக்கப்பட்ட இக்கருவியைக் கரடிக்குப் பொருத்தும் முயற்சி அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் நடைபெற்றது. மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தின் போல் ஐயைசோ, கருவியைத் தயாரிக்கும் மெட்ரோனிக் நிறுவனத்தின் டிம் லாஸ்கே, மாநில இயற்கைவளத் திணைக்களத்தின் டேவிட் கார்ஷெலிஸ் ஆகியோர் இதில் முன்னின்றனர். மாரி காலத்தில் குகையில் உறங்கும் அமெரிக்கக் கருங்கரடியை மயக்கமருந்து கொடுத்து, மார்புத் தோலின் கீழ் கருவியை வைத்து, கழுத்தில் செய்மதிப் பட்டியும் கட்டி, மீண்டும் குகையிலேயே கிடத்திவிடுவர். அடுத்த மாரியில் அதே கரடியின் குகையைத் தேடிச் சென்று ஓராண்டின் பதிவுகளை இறக்கிக் கொள்வர். ஆரம்பத்தில் எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. சற்றுப் பெரிதாக இருந்த முந்திய கருவிகளைச் சில கரடிகளின் உடல் ஏற்காது வெளித்தள்ளிவிட்டது. கருவி சிறுத்த பின்னரே இம்முறை நிலைத்தது. சுவீடனில் 1984 முதல் நடைபெற்றுவரும் ஸ்கண்டிநேவியக் கபிலக் கரடி ஆய்வுத் திட்டத்தினரும் பின்னர் இதே கருவிகளைக் கையாண்டனர்.

மாரி உறக்கம் பற்றிக் கிடைத்த தகவல்கள் வியப்பூட்டுபவை. அலாஸ்காப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் ஒய்விந்த் தோயன் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, உறங்கும் கருங்கரடியின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 55இலிருந்து 14ஆகக் குறைந்தது. ஒரு மூச்சுக்கும் மறு மூச்சுக்கும் இடையில் இதயம் இருபது விநாடிகள் வரை துடியாதிருந்ததும் உண்டு. மூச்சை இழுத்ததும் மீண்டும் விரைந்து துடிக்கும். உடல் வெப்பநிலை 30 பாகை செல்சியசுக்குக் கீழே பெரும்பாலும் இறங்குவதில்லை. ஆனால் உடலின் சக்திச் செலவு வழமையின் நான்கிலொரு பங்காகிவிடுகின்றது. வெளியே வந்து நடமாடத் தொடங்கிய பின்னரும் அது வழமைக்குத் திரும்ப இரண்டு மூன்று வாரங்கள் எடுக்கின்றது. சுவீடனில் அலினா எவன்ஸ் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், வெளியே இன்னமும் உறைகுளிர் நிலவும்போதே கரடியின் உடல் உள்ளிருந்து சூடேறத் தொடங்கிவிடுவதைக் கண்டனர்.

மாதக்கணக்கில் அசையாது கிடக்கும் மனிதனுக்குக் கால் நாளங்களில் இரத்தம் உறையும். கரடிக்கு அவ்வாறு நேர்வதில்லை. உறங்கும் கபிலக் கரடிகளின் குருதிச் சிறுதட்டுகளில் ஒரு குறிப்பிட்ட புரதம் பெருமளவு குறைந்துவிடுவதே இதற்கொரு காரணம் என 2023இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியான ஆய்வு காட்டியது. நீண்டகாலம் அசைய முடியாதிருக்கும் மனிதரிடமும் அதே புரதம் குறைந்திருந்தமை மருத்துவர்களின் கவனத்தை ஈர்த்துள்ளது. இதய நோயும் நீரிழிவும் வீட்டுக்கு வீடு பேசப்படும் எமது ஊர்களில் இச்செய்தி அக்கறையோடு நோக்கப்பட வேண்டியதே. ஆயினும் எமது இன்றைய விடயத்துக்கு மாரி உறக்கம் முக்கியமன்று. இலங்கைக் கரடி அவ்வாறு உறங்குவதில்லை.

எமக்கு முக்கியமானது கோடைகாலப் பதிவுகளில் உள்ளது. மின்னசோட்டாவில் கருவி பொருத்திய நான்கு கரடிகளுக்கு மேலாக ஆளில்லா விமானத்தைப் பதினெட்டுத் தடவைகள் பறக்கவிட்டு நிகழ்வதைக் கவனித்தனர். மார்க் டிற்மர் குழுவினர் 2015இல் வெளியிட்ட இவ்வாய்வில், கரடிகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தன; அரிதாகவே எழுந்து விலகின. பார்ப்பவர், "இவ்விலங்குக்கு இது ஒரு பொருட்டாகவே இல்லை" என்றே எழுதியிருப்பார். இதயமானி வேறு கதை சொன்னது. ஒவ்வொரு பறப்பின்போதும் துடிப்பு உயர்ந்திருந்தது. குட்டிகளுடன் இருந்த ஒரு தாய்க்கரடியின் துடிப்பு நிமிடத்துக்கு 123 துடிப்புகளால் எகிறியது. அக்குழுவினரின் பிந்திய ஆய்வொன்று, வீதியைக் கடக்கும் வேளைகளிலும் கரடியின் இதயத் துடிப்பு உயர்வதைப் பதிவு செய்தது.

துடிப்பும் நடமாட்டமும் ஒருங்கே பதிவு செய்யப்படுவதன் பயன் இதுவே. இரண்டும் உயர்ந்திருந்தால் விலங்கு ஓடுகின்றது அல்லது மரம் ஏறுகின்றது என்று கொள்ளலாம். நடமாட்டம் இல்லாமல் துடிப்பு மட்டும் உயர்ந்திருந்தால் அங்கே அச்சம் இருக்கக் கூடும். நோயும் இருக்கலாம், எனவேதான் ஒரு நாள் பதிவு போதாது, பல மாதப் பதிவு தேவைப்படுகின்றது. அந்தக் கரடியின் வழமை எது என்று தெரிந்தால்தானே வழமைக்கு மாறானது எது என்று சொல்ல இயலும்? மறுபுறத்தில், அடைக்கப்பட்ட கரடிகளுக்கு மேலாக வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப விமானத்தைப் பறக்கவிட்டபோது அவற்றின் துடிப்பு படிப்படியாக அடங்கியதையும் அக்குழுவினர் 2019இல் அறிவித்தனர். பழக்கமான தொந்தரவுக்கு விலங்கு ஓரளவு பழகிக் கொள்கின்றது. திடீரென வருவதே அதனைக் குலைக்கின்றது.

இனி எமது பக்கத்துக்கு வருவோம். மேற்கூறிய டேவிட் கார்ஷெலிஸ் மின்னசோட்டாவுடன் நின்றுவிட்டவர் அல்லர். 1990களில் நேபாளத்தின் சித்வான் தேசிய பூங்காவில் அனுப் ஜோஷி, ஜேம்ஸ் சிமித் ஆகியோருடன் இணைந்து எமது கரடியின் உறவினமாகிய கறையான் தின்னும் கரடிகளுக்கு வானொலிப் பட்டி கட்டி ஆராய்ந்தார். அங்கே வளர்ந்த ஆண் கரடிகள் பெரிதும் இரவில் நடமாட, குட்டியுடன் இருக்கும் தாய்க்கரடிகளும் இளங்கரடிகளும் பகலில் கூடுதலாக நடமாடின. பகலில் காட்டுக்குள் செல்பவர் சந்திக்கக் கூடியது மிகவும் அஞ்சும் நிலையிலுள்ள தாய்க்கரடியையே என்பது இதன் பொருள். சித்வானில் புலி உண்டு, இங்கே இல்லை. ஆகவே அந்த நேர ஒழுங்கை அப்படியே குமணவுக்குப் பெயர்த்துக் கொள்வது தகாது. இங்கேயே அளந்து பார்க்க வேண்டும்.

இலங்கையில் அவ்வாறு அளக்கும் பணியைத் தொடக்கி வைத்தவர் சியாமளா ரத்னாயக்க ஆவார். அமெரிக்காவின் டெனசிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராங்க் வான் மானன் முதலியோருடன் இணைந்து, 2002, 2003ஆம் ஆண்டுகளில் வஸ்கமுவ தேசிய பூங்காவில் பத்துக் கரடிகளுக்கு அவர் வானொலிப் பட்டி கட்டினார். பெண் கரடியின் நடமாட்டப் பரப்பு சராசரியாக 2.2 சதுர கிலோமீற்றர், ஆண் கரடியினது 3.8 சதுர கிலோமீற்றர் எனத் தெரியவந்தது. நீளம் ஒன்றரைக் கிலோமீற்றர், அகலம் ஒன்றரைக் கிலோமீற்றர் கொண்ட ஒரு சதுரத்துக்குள் ஒரு பெண் கரடியின் வாழ்வு பெரும்பாலும் அடங்கிவிடுகின்றது. உலகில் கரடியினங்களுக்குப் பதிவான மிகச் சிறிய நடமாட்டப் பரப்புகளுள் இதுவும் ஒன்று. இந்தியாவின் பன்னா தேசிய பூங்காவில் கே. யோகானந்த் ஆராய்ந்த இதே இனக் கரடிகளின் பரப்பு இதைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தது.

நாம் இந்த எண்ணை முக்கியமாகக் கருதுகிறோம். உணவு செறிந்த, மனிதத் தொந்தரவு குறைந்த காட்டில் கரடி அலையத் தேவையில்லை. அதே வேளை, அந்த ஒன்றரைக் கிலோமீற்றருக்குள் ஒரு பாதை வெட்டப்பட்டால், அல்லது சேனைக்கென நெருப்பு வைக்கப்பட்டால், ஒரு கரடியின் உலகம் முழுவதுமே மாறிவிடுகின்றது. வரைபடத்தில் சிறு கீறலாகத் தெரியும் காடழிப்பு யானைக்கு ஒரு சுற்றுவழியைக் கூட்டலாம். கரடிக்கு வீட்டையே இல்லாமல் ஆக்கிவிடும். யுத்த காலத்தில் பற்றி மூடிக் கிடந்த காணிகள் 2009க்குப் பின்னர் மீண்டும் துப்புரவாக்கப்பட்டு வரும் எமது மாவட்டத்தில் இக்கணக்கை எவரும் போட்டுப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

வானொலிப் பட்டி கரடி எங்கே இருந்தது என்பதைச் சொல்லும்; எந்நிலையில் இருந்தது என்பதைச் சொல்லாது. அதைச் சொல்லும் இதயமானியை இங்கு பயன்படுத்தலாமா? தடைகள் சிறியவையல்ல. மாரியில் உறங்காத கரடிக்கு, ஆண்டுக்கொரு முறை சென்று கருவியைப் படிக்கக்கூடிய குகையும் இல்லை. ஒவ்வொரு தடவையும் பொறியிட்டுப் பிடித்து மயக்க வேண்டும். எமது வெப்பத்தில் அடர்ந்த உரோமம் கொண்ட விலங்கை மயக்கத்தில் வைத்திருப்பது ஆபத்தானது. கரடியின் கழுத்துக்கும் தலைக்கும் பருமனில் அதிக வேறுபாடு இல்லாமையால் பட்டியும் கழன்றுவிடும். தோலின் கீழுள்ள கருவியிலிருந்து கழுத்துப் பட்டிக்கும், அங்கிருந்து செய்மதிக்கும் தகவலை அனுப்பும் முறைகள் அண்மைக் காலத்தில் உருவாகி வருகின்றன. அவை கைக்கெட்டும் விலைக்கு வரும்வரை காட்டுக் கரடியில் கை வைக்காமல், மீட்கப்பட்டுப் பராமரிக்கப்படும் கரடிகளில் இவ்வினத்தின் வழமையான துடிப்பு என்ன என்பதை அறிந்து கொள்வதே முறையான தொடக்கமாகும். ஆயிரத்துக்கு மேற்படாத ஓர் இனத்தில் ஆய்வுக்காக ஒன்றை இழப்பதையும் எம்மால் ஏற்றுக்கொள்ள இயலாது.

அதற்கிடையே பெருஞ்செலவின்றிச் செய்யக் கூடியவை உண்டு. தானியங்கிக் கமராக்களை லாகுகல, குமணக் காட்டோரங்களில் ஓராண்டுக்கு வைத்தால் கரடி நடமாடும் நேரங்கள் மாதவாரியாகத் தெரிந்துவிடும். கரடிக் காயத்துடன் வைத்தியசாலைக்கு வருவோரிடம் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரத்தில், தனியாகவா கூட்டமாகவா என்ற நான்கு கேள்விகளைக் கேட்டு எழுதி வைத்து வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அனுப்பலாம். ரத்னாயக்க குழுவினர் தாக்குதலுக்கு உள்ளானவர்களைத் தேடிச் சென்று விசாரித்துச் சேகரித்த விபரங்களே, அடுத்த ஆய்வாளருக்கு இன்றும் அடிப்படையாக உள்ளன. சுற்றுலாப் பயணிகள் படம் எடுப்பதற்காகப் பறக்கவிடும் ஆளில்லா விமானங்களைப் பொறுத்தவரை, மின்னசோட்டாத் தாய்க்கரடியின் இதயம் சொன்னதைக் கேட்ட பின்னர், காட்டுக்கு மேலாக அவற்றை அனுமதிப்பதில் நமக்கு உடன்பாடில்லை.

காட்டுக்குச் செல்வோருக்கு இவ்வாய்வுகள் கூறும் செய்தி எளிமையானது. அஞ்சும் விலங்கைத் திடுக்கிடச் செய்யாதிருக்க வேண்டும். தனியே செல்வதைத் தவிர்த்துக் கூட்டமாகச் செல்லுதல், பேசிக்கொண்டும் மரத்தில் தட்டிக்கொண்டும் நடத்தல், விடியும் முன்பும் பொழுது சாய்ந்த பின்பும் புற்றுகளையும் பாறை இடுக்குகளையும் அண்டாதிருத்தல் ஆகியன பழைய தேன்காரர்கள் அறிந்து வைத்திருந்த வழிகளே. ஓடுவதால் பயனில்லை, கரடி மனிதனைவிட விரைந்து ஓடும். தாக்க வந்துவிட்டால் முகங்குப்புறப் படுத்து, கைகளால் பிடரியையும் தலையையும் மூடிக்கொள்ளுமாறு கரடி ஆய்வாளர்கள் அறிவுறுத்துகின்றனர். இக்கரடி பெரும்பாலும் முகத்தையும் தலையையுமே குறிவைக்கின்றது. காட்டுப்பன்றிக்கென வைக்கப்படும் கட்டுத்துவக்கிலும் கம்பிச் சுருக்கிலும் அகப்பட்டுக் காயத்துடன் தப்பிய கரடி, அடுத்து அவ்வழியே வருபவருக்கு எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கதிர்காம ஆடிவேல் விழாவையொட்டி உகந்தையிலிருந்து குமண, யாலக் காடுகளினூடாக ஆயிரக்கணக்கானோர் ஆண்டுதோறும் பாதயாத்திரை செல்கின்றனர். ஏறத்தாழ அதே காலத்தில்தான் காட்டில் பாலைப்பழம் பழுக்கின்றது; பழம் பறிக்கச் செல்லும் எமது ஊரவரும் அதே நாட்களில் உள்ளே இருப்பர். யாத்திரைக்கென வீதியையும் தண்ணீரையும் ஒழுங்கு செய்யும் அதிகாரிகள், பழுத்த பாலை மரங்கள் செறிந்த இடங்களையும் கரடி நடமாடும் நேரங்களையும் குறித்த ஓர் அறிவித்தலைத் தமிழிலும் சிங்களத்திலும் உகந்தை, பாணமை, பொத்துவில் ஆகிய மூன்று இடங்களில் வைப்பதற்கு எந்தச் செய்மதியும் தேவையில்லை. அடுத்த பருவத்துக்கு முன்னர் அதைச் செய்ய இயலும்.